சைடு ஸ்டாண்டில் படுக்கப் பார்க்கும் பழைய வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350. போன மாதம் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். முன்னும் பின்னும் டயரும் புதிது. அதிலிருந்து சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் இடது பக்கம் படுத்துவிடும் போலச் சாய்கிறது. ஸ்டாண்டை வெட்டி இரண்டு அங்குலம் சேர்த்துப் பற்றவைத்துவிடலாம் என்கிறார் வெல்டர். செய்யலாமா? — வாசகர், கரூர்

பதில்: இரண்டு அங்குலம் என்றால் 50 மி.மீ. அவ்வளவு சேர்த்தால் வண்டி ஏறக்குறைய நட்டமாக நிற்கும். பக்கத்து வண்டியை எடுக்கிறவர் முழங்கை பட்டாலே வலது பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் மாடலில் சைலன்சர், கிக்கர், கியர் லீவர் மூன்றும் அந்தப் பக்கம்தான். எனவே வெல்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு முதலில் அளவெடுங்கள்.

தரை சமமா என்று பாருங்கள். வாசலும் ஷெட்டும் தண்ணீர் வடிய வாட்டம் விட்டுத்தான் போடப்பட்டிருக்கும். ரசமட்டம் கையில் இல்லையென்றால், வண்டியை நிறுத்தி ஒரு முறை அளந்துவிட்டு, அதே இடத்தில் எதிர்த் திசையில் நிறுத்தி மறுபடி அளந்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், வாட்டம் கழிந்துவிடும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும் (ஒருவர் மட்டும் ஓட்டும் புல்லட்டுக்கு முன்னால் 18, பின்னால் 28 பி.எஸ்.ஐ.). சீட்டில் இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு ஷாக் தானாக நிலைக்கு வரவிடுங்கள்.

இரண்டு டயரும் தரையைத் தொடும் புள்ளிகளைச் சாக்பீஸால் கோடு போட்டு இணையுங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, நடுவில் உள்ள ஸ்டெம் நட்டிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு தொடும் இடத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் சாய்வு. ஸ்டெம் நட்டு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், 176 மி.மீ. தூரம் என்பது 10 டிகிரி. 213 என்றால் 12. 268 என்றால் 15. உயரம் கூடக் குறைய இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருந்தால் பின் ரிம்மின் பக்கத்தில் ஒட்டவைத்தும் பார்க்கலாம். 10 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் ஸ்டாண்டைத் தொடவே வேண்டாம். 14-ஐத் தாண்டினால்தான் வேலை இருக்கிறது.

இனி ஏன் சாய்ந்தது என்பது. சைடு ஸ்டாண்டின் பாதம், டயர்க் கோட்டிலிருந்து சுமார் 28 செ.மீ. தள்ளி ஊன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் 5 மி.மீ. உயரம் மாறினால் வண்டி 1 டிகிரி சாயும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். வண்டியின் உடம்பு 5 மி.மீ. மேலே போனாலும், ஸ்டாண்ட் 5 மி.மீ. குட்டையானாலும் விளைவு ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் முதலாவது நடந்திருக்கிறது. பழைய ஷாக்கின் ஸ்பிரிங் வருடக்கணக்கில் தளர்ந்து வண்டி பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். தேய்ந்த ஸ்டாண்டும் உட்கார்ந்த வண்டியும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பின்பக்கம் 20 மி.மீ. எழுந்திருந்தால், ஸ்டாண்ட் இருப்பது வண்டியின் நடுவாக்கில் என்பதால் அங்கே பாதி, அதாவது சுமார் 10 மி.மீ. உயர்ந்திருக்கும். அதிலேயே 2 டிகிரி. புல்லட்டுக்கு உரிய 3.25-19 டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் 3.50-19 மாட்டியிருந்தால் ஆரம் ஏறக்குறைய 6 மி.மீ. கூடும், இன்னொரு டிகிரி. டயர் கடையில் "தடிமனாப் போடலாம் சார், பார்க்க கெத்தா இருக்கும்" என்று சொல்லி மாட்டிவிடுவது சகஜம். பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய ஷாக் கைவசம் இருந்தால் புதியதுடன் சேர்த்து வைத்து, மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை அளந்து பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கழற்றி வைத்த ஷாக்கின் முழு நீளம் அவ்வளவாக மாறாது; ஆகவே ஒப்பீடு செல்லும். புதியது 10, 15 மி.மீ. நீளமாக இருந்தால் அது வேறு வண்டியின் ஷாக், மாற்றித்தரச் சொல்லுங்கள். நீளம் ஒன்றே என்றால், அடியில் உள்ள அட்ஜஸ்டர் வளையம் கடைசிப் படியில் இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு முதல் அல்லது இரண்டாவது படி போதும். புதிய ஸ்பிரிங் 500 கிலோமீட்டர் ஓடினால் சில மி.மீ. அமரும். அதற்கு முன்னால் எதையும் வெட்ட வேண்டாம்.

500 கி.மீ.க்குப் பிறகும் 14 டிகிரிக்கு மேல் என்றால், ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வாருங்கள். சாய்வு 11 டிகிரிக்கு வரும்போது எத்தனை துண்டு இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் குறைகிற உயரம். அந்த எண் கையில் கிடைத்தால், அது எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். பெரும்பாலும் ஸ்டாண்டின் நீளத்தில் போயிருக்காது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

இப்படியே ஓட்டினால் என்ன என்று நினைக்கலாம். 165 கிலோ வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 10 டிகிரி சாய்வில் ஸ்டாண்ட் தாங்குவது சுமார் 50 கிலோ. 15 டிகிரியில் அது 70 கிலோவைத் தாண்டுகிறது. பாரம் கூடக்கூட ஸ்டாண்டும், அது மாட்டிய காதும் (சேஸிஸில் ஸ்டாண்டைப் போல்ட்டால் மாட்டும் ஓட்டையுள்ள துண்டு) மேலும் வளையும், வளைய வளையச் சாய்வு கூடும். தானாக நிற்கிற நோய் இல்லை இது.

கேள்வி: ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது. மெக்கானிக் புது போல்ட் போட்டார். ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. வண்டி வர வரச் சாய்ந்துகொண்டே போகிறது. — வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஓட்டை ஓவலாகிவிட்ட பிறகு போல்ட்டை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். வட்டமான போல்ட் ஓவலான ஓட்டையில் இரண்டு இடத்தில் மட்டுமே தொடும். பாரம் முழுக்க அந்த இரண்டு இடத்தில். அதுவும் கடையில் கிடைக்கும் முழு நீளத்துக்கும் மரை வெட்டிய போல்ட்டைப் போட்டிருந்தால், அந்த மரை அரம் மாதிரி ஓட்டையைத் தின்னும்.

இந்த ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அது பாதத்துக்கு வரும்போது பெருகிவிடுகிறது. காதின் அகலம் 25 மி.மீ., ஸ்டாண்டின் நீளம் 25 செ.மீ. என்றால், மேலே 1 மி.மீ. ஆட்டம் கீழே 10 மி.மீ. அசைவாகிறது. வண்டியின் பாரம் பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி, அந்த ஆட்டம் முழுவதையும் சாய்வாக மாற்றிவிடும்; கிட்டத்தட்ட 1 டிகிரி.

அதைவிடப் பெரிய திருடன் ஸ்டாப்பர். ஸ்டாண்டை இறக்கும்போது முன்னால் போய் எதன்மேல் முட்டி நிற்கிறதோ அந்த முகம். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை, கிரீஸும் மண்ணும் மூடியிருக்கும். அது போல்ட்டின் மையத்திலிருந்து 20 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே 2 மி.மீ. தேய்ந்தாலோ நசுங்கினாலோ ஸ்டாண்ட் ஏறக்குறைய 6 டிகிரி கூடுதலாக முன்னால் போகும். பாதம் 10 மி.மீ. மேலே ஏறும், வண்டி 2 டிகிரி சாயும். ஸ்டாண்ட் ஒரு மி.மீ. கூடக் குறையவில்லை, ஆனால் குட்டையாகிவிட்டது.

வேலையைச் செய்யும் முறை இது. வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் (சென்டர் ஸ்டாண்ட்) நிறுத்தி, ஸ்பிரிங்கை எடுத்து, போல்ட்டைக் கழற்றி ஸ்டாண்டை வெளியே எடுங்கள். டீசலில் கழுவுங்கள். காது, ஸ்டாண்டின் தலை இரண்டிலும் உள்ள ஓட்டைகளை வெர்னியர் கேலிப்பரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் 0.3 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல போல்ட் போதும். அதற்கு மேல் என்றால் லேத் பட்டறை. உதாரணமாக 10 மி.மீ. ஓட்டை 11.5 ஆகியிருந்தால், 14-க்கு ரீமர் (ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கும் கருவி) போட்டு, வெளியே 14, உள்ளே 10 அளவுள்ள இரும்பு அல்லது கன்மெட்டல் புஷ்ஷை இறுக்கமாக அடித்துவிடச் சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றி மிஞ்சும் சுவர் 4 மி.மீ.க்குக் குறைந்தால் புஷ் வேண்டாம். ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பிப் புதிதாகத் துளை போடுவதே நல்லது.

போல்ட் 8.8 கிரேடு என்று தலையில் அச்சிட்டிருக்க வேண்டும். மரை இல்லாத வழவழப்பான தண்டு காது முழுவதையும் கடந்து வரவேண்டும். மரை நட்டுக்குள் மட்டும்தான். கொஞ்சம் நீளமான போல்ட் வாங்கி, மிகுதி மரையை வெட்டிக்கொள்வது சுலபமான வழி. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு) போடுங்கள். இறுக்கும்போது ஆட்டம் போகிற வரை இறுக்கி, ஸ்டாண்ட் தாராளமாக மடங்கும் அளவுக்குத் துளி தளர்த்துங்கள். ஸ்டாண்டின் தலையில் காதைக் கவ்வும் இரண்டு பக்கங்களும் அகன்றிருந்தால் நட்டை இறுக்கி நெருக்கப் பார்க்காதீர்கள், விரிசல் விடும். இடையில் மெல்லிய வாஷர் வைத்து 0.2 – 0.3 மி.மீ. இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்டாப்பர் முகத்தில் 2, 3 மி.மீ. வெல்டிங் ஏற்றி அரத்தால் ராவி, சிறிது சிறிதாக ஸ்டாண்டைப் பொருத்திப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கூடுதலாக ஏற்றிவிட்டால் ஸ்டாண்ட் முன்னால் போதுமான அளவு போகாது. வண்டி லேசாக முன்னே உருண்டாலே மடங்கிக்கொள்ளும். ஸ்டாண்ட் செங்குத்தைத் தாண்டி முன்னால் சாய்ந்து நிற்பது அதற்காகத்தான். ஸ்டாப்பர் சேஸிஸ் பக்கத்தில் இருந்தால் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் இறக்கிவிட்டு, எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டிக் கவ்வச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளில் காது வார்ப்பு இரும்பாக இருக்கக்கூடும். கிரைண்டரை லேசாக வைத்துப் பாருங்கள். பொறி நீளமாக, பளிச்சென்று பறந்தால் எஃகு. குட்டையாக, மங்கிய சிவப்பாக விழுந்தால் வார்ப்பு. வார்ப்பில் சாதாரண ஆர்க் வெல்டிங் செய்தால் ஓரம் வெடிக்கும். கேஸில் பித்தளை வைத்துப் பற்றுகிறவரிடம் போங்கள்.

கேள்வி: ஆட்டம் இல்லை, ஸ்டாப்பர் சரி, ஷாக்கும் பழைய நீளம்தான். பிளைவுட் வைத்துப் பார்த்ததில் 18 மி.மீ. குறைகிறது. ஸ்டாண்டை நீட்டத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது? — வாசகர், மதுரை

பதில்: முதலில் ஸ்டாண்ட் அந்த வண்டியினுடையதுதானா என்று பாருங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் "புல்லட் ஸ்டாண்ட்" என்று கேட்டால் நீளமும் வளைவும் வேறுவேறாக நாலைந்து எடுத்து வைப்பார்கள். காதின் அகலமும் ஓட்டையும் பொருந்தினால் மாட்டிக்கொள்ளும்; நீளம் பொருந்தவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல நிலையில் உள்ள அதே மாடல் வண்டியின் ஸ்டாண்டைக் கழற்றித் தரையில் வைத்துச் சாக்பீஸால் வரைந்துகொண்டு, உங்களுடையதை அதன்மேல் வையுங்கள். வேறுபாடு நீளத்திலா வளைவிலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நீளம்தான் என்றால்: 10 மி.மீ. வரை குறைந்தால் பாதத்தின் அடியில் அந்தத் தடிமனுக்குத் தகடு வைத்துப் பற்றிவிடலாம். 18 என்றால் வெட்டித்தான் ஆகவேண்டும். சேர்க்க வேண்டிய நீளம் பிளைவுட் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சமம். ஸ்டாண்ட் சரிந்து நிற்பதால் ஒரு மி.மீ. கூட்டி 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவிலும் வெட்டாதீர்கள், பாதத்துக்கு அருகிலும் வெட்டாதீர்கள். நேராக ஓடும் நடுப்பகுதியில் வெட்டுங்கள். வெட்டும் முன் நீளவாக்கில் ஒரு கோடு கீறிக்கொண்டால் பாதம் முறுக்கிக்கொள்ளாமல் சேர்க்கலாம்.

கெட்டிக் கம்பியாக இருந்தால் அதே விட்டமுள்ள துண்டை இடையில் வைத்து, சேரும் முனைகள் எல்லாவற்றையும் 45 டிகிரிக்குச் சீவி, 2 மி.மீ. இடைவெளி விட்டு உள்ளேயிருந்து நிரப்பி வரவேண்டும். மேலே மட்டும் ஓட்டிவிட்டு கிரைண்டரால் பளபளப்பாக்கினால் பார்க்க அழகாக இருக்கும். முதல் குழியில் முறியும். குழாயாக இருந்தால் உள்ளே இறுக்கமாகப் போகும் கம்பியை இரண்டு பக்கமும் 30 மி.மீ. நுழைகிற மாதிரி வைத்து, குழாயில் ஓட்டை போட்டு அதன் வழியாகவும் பற்றுங்கள். வெல்டிங் ராடில் சாதாரண 6013-ஐ விட 7018 ராடு இந்த வேலைக்கு மேல். ஆனால் அது ஈரம் குடித்திருக்கக் கூடாது. பற்றியதும் தண்ணீரில் முக்க விடாதீர்கள். காற்றில் ஆறட்டும்.

25 மி.மீ.க்கு மேல் சேர்க்கவேண்டி வந்தால் நிறுத்திக்கொண்டு மறுபடி காரணத்தைத் தேடுங்கள். மாட்டிய பிறகு ஸ்டாண்டை மடக்கி, பழைய புல்லட்டில் இடது பக்கம் உள்ள பிரேக் பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள்; நீண்ட ஸ்டாண்ட் பெடலையோ அதன் ராடையோ தடுக்கக் கூடாது. இருவர் உட்கார்ந்த நிலையில் மடங்கிய பாதத்துக்கும் தரைக்கும் இடைவெளி பழையபடியே இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இடது வளைவில் ஸ்டாண்ட் தரையில் உரசினால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: யெஸ்டி ரோடுகிங்கின் ஸ்டாண்ட் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. வண்டியிலேயே வைத்துக் குழாய் மாட்டி நிமிர்த்தலாமா? — வாசகர், கோவை

பதில்: வண்டியில் வைத்து நிமிர்த்தினால் முதலில் வளைவது ஸ்டாண்ட் அல்ல, அது மாட்டிய காது. கழற்றிக் கனமான வைஸில் பிடித்து, வளைந்த இடத்தை மட்டும் கேஸ் விளக்கால் நல்ல செர்ரிச் சிவப்பு வரும்வரை சுடவைத்து, குழாய் மாட்டி ஒரே இழுப்பில் நிமிர்த்துங்கள். ஆறவிடுங்கள். வளைவின் உள்பக்கம் சுருக்கமோ மயிரிழைக் கோடோ தெரிந்தால் அந்த ஸ்டாண்டை ஒதுக்கிவிடுங்கள்.

வளைந்ததற்குக் காரணமும் யூகிக்க முடிகிறது. யெஸ்டியில் கியர் லீவரே கிக்கர், அதுவும் இடது பக்கம். சைடு ஸ்டாண்டில் நிறுத்தியபடி உதைத்தால் உதைப்பவரின் எடை முழுக்க ஸ்டாண்ட் இருக்கும் பக்கத்திலேயே இறங்குகிறது. புல்லட்டில் கிக்கர் வலது பக்கம் என்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே ஏறி உட்கார்ந்து உதைக்கும்போது உங்கள் எடையும் சேர்ந்து ஸ்டாண்டில்தான் குதிக்கிறது. எந்தப் பழைய வண்டியானாலும் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தியோ, இரண்டு காலும் ஊன்றி நிமிர்த்திப் பிடித்தோதான் உதைக்கவேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இருவர் உட்கார்ந்து கதை பேசுவதும் அதே கணக்கில் சேரும்.

கேள்வி: எனக்குப் பிரச்சினை தலைகீழ். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 17 அங்குல அலாய் வீல் போட்டேன். டயர் அளவு அதே 2.50, 2.75 தான். இப்போது வண்டி நட்டமாக நிற்கிறது. இரண்டு முறை வலது பக்கம் விழுந்துவிட்டது. — வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆர்எக்ஸ் 100-க்கு வந்தது 18 அங்குல ரிம். ஓர் அங்குலம் குறைந்ததால் இரண்டு சக்கரத்திலும் ஆரம் 12.7 மி.மீ. இறங்கிவிட்டது; வண்டி மொத்தமாக அந்த அளவு தாழ்ந்திருக்கிறது. பாதம் டயர்க் கோட்டிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் என்றால் கிட்டத்தட்ட 3 டிகிரி நிமிர்ந்துவிட்டது. இதோடு பின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் விழாமல் என்ன செய்யும்!

இரண்டு டயருக்கும் அடியில் 12 மி.மீ. பிளைவுட் வைத்து, ஸ்டாண்டைத் தரையில் ஊன்றிப் பாருங்கள். பழைய சாய்வு வந்துவிட்டால் வீல்தான் காரணம். அலாய் வீல்தான் வேண்டும் என்றால் ஸ்டாண்டில் 12, 13 மி.மீ. குறைக்கவேண்டும். பழைய ஸ்டாண்டை வெட்டாதீர்கள், வேறொன்று வாங்கி அதை வெட்டுங்கள். 1985 முதல் 1996 வரை மட்டும் வந்த வண்டி. நாளைக்கு ஸ்போக் வீலுக்கே திரும்பலாம் என்று தோன்றினால் அசல் ஸ்டாண்ட் கையில் இருக்கட்டும். 12 மி.மீ. வைத்தும் நட்டமாகவே நின்றால் பின் ஷாக்கைக் கவனியுங்கள். தாழ்ந்த வண்டிக்குப் பெரிய ஸ்டாண்டும் நீளமாகிவிட்டிருக்கும். தூக்கி நிறுத்த முன்னைவிடக் கஷ்டமாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் மட்டும் புல்லட்டின் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. இடது பக்க கவரில் ஆயிலும் கசிகிறது. சாய்வைக் குறைத்தால் இரண்டும் நிற்குமா? — வாசகர், விழுப்புரம்

பதில்: ஆயில் நிற்க வாய்ப்பு உண்டு, பெட்ரோலைச் சாய்வின் தலையில் கட்டவேண்டாம்.

12 டிகிரிக்குள் சாயும் வண்டியில் நல்ல ஃப்ளோட் நீடில் (கார்புரேட்டருக்குள் மிதவையோடு ஏறி பெட்ரோலை அடைக்கும் ஊசி) சொட்டவிடாது. சாய்வு, தேய்ந்த நீடிலைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி பெட்ரோல் டேப்பைத் திறந்து 15 நிமிடம் பாருங்கள். அப்போதும் சொட்டினால் நீடில், அது அமரும் சீட் இரண்டையும் மாற்றுங்கள். சொட்டவில்லை என்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஃப்ளோட் ஒரு பக்கம் கிண்ணச் சுவரில் உரசுகிறதா, அதைத் தாங்கும் சிறு பின் (pin) தேய்ந்து கோணலாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே பெட்ரோல் புகுந்து கனத்த ஃப்ளோட்டும் இதையே செய்யும். காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கும். எப்படியிருந்தாலும் நிறுத்தியதும் டேப்பை மூடுவது பழக்கமாகட்டும்.

இடது பக்க கவருக்குள் இருப்பது பிரைமரி செயினும் (என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் செயின்) கிளட்சும். பழைய மாடலில் அந்தக் கவரை நடுவில் ஒரே ஒரு நட்டுத்தான் பிடிக்கிறது, சுற்றிலும் ரப்பர் சீல். வண்டி இடது பக்கம் சாயச்சாய ஆயில் முழுக்கக் கவர்ப் பக்கம் வந்து சீலின் மேல் நிற்கும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் நிச்சயம் கசியும். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி, மிகுதியை வடியவிடுங்கள். கசிகிறதே என்று நடு நட்டைப் பலங்கொண்டு இறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும், சீலை மாற்றுங்கள். என்ஜின் ஆயில் உட்பட எந்த ஆயில் அளவையும் சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஓட்டும்போது ஸ்டாண்ட் தானாகக் கீழே தொங்குகிறது. ஸ்பிரிங் மாற்றினால் போதுமா? — வாசகர், ஈரோடு

பதில்: இன்றே மாற்றுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் என்ஜின் நின்றுவிடும். பழைய வண்டி எதுவும் சொல்லாது, இடது வளைவில்தான் சொல்லும். ஸ்பிரிங்கோடு அது மாட்டும் இரண்டு கொக்கிகளையும் பாருங்கள். கொக்கி தேய்ந்து பாதியாகியிருந்தால் புது ஸ்பிரிங்கும் கழன்று போகும். ஸ்டாண்டை இறக்கும்போது ஸ்பிரிங் போல்ட்டின் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போகவேண்டும். அப்போதுதான் இறங்கிய நிலையிலும் மடங்கிய நிலையிலும் இழுத்துப் பிடிக்கும்.

கேள்வி: வீட்டில் சரியாக நிற்கும் வண்டி, தெருவில் நிறுத்தினால் அதிகம் சாய்கிறது. வெயில் காலத்தில் ஸ்டாண்ட் தாரில் புதைகிறது. — வாசகர், வேலூர்

பதில்: தெருவின் நடுப்பகுதி மேடாக, ஓரம் தாழ்வாகத்தான் போடுவார்கள். நாம் இடது ஓரம் நிறுத்துகிறோம், ஸ்டாண்டும் இடது பக்கம்; ஆகவே வாட்டம் முழுக்கச் சாய்வோடு சேர்கிறது. ஓரத்தில் மண் என்றால் இன்னும் மோசம். ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பிப் பூட்டுங்கள். அப்போது முன்டயர் தரையைத் தொடும் புள்ளி சற்று வலது பக்கம் நகர்ந்து, ஊன்றுகிற மூன்று புள்ளிகளுக்கு இடையே அகலம் கூடும். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பி நிறுத்தினால் எதிர்மாறாக ஆகும். ஏற்றத்தில் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், வண்டி முதல் கியரில் இருக்கவேண்டும்.

தாரில் புதைவதற்கு, பாதத்தின் அடியில் 6 மி.மீ. தகட்டை 60-க்கு 50 மி.மீ. அளவில் வெட்டிப் பற்றவையுங்கள். மூலைகளை உருட்டிவிட்டு, வெளி விளிம்பை லேசாக மேலே வளைத்துவிடுங்கள், மடக்கியிருக்கும்போது தரையில் கொக்கி போடாமல் இருக்க. இந்தத் தகடே சாய்வில் 1 டிகிரிக்கு மேல் குறைக்கும் என்பதால், ஏற்கெனவே 10 டிகிரியில் நிற்கும் வண்டிக்கு 3 மி.மீ. தகடு போதும்.